அப்பா எழுதாத ஐந்து கட்டுரைகள்

இன்று நடந்ததை எதையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

மாம்பழ ஆராய்ச்சி செய்யும் என் அக்காவுக்கு வேலை விண்ணப்பத்தின் கடைசி நாள் இன்று. அவள் எழுதிய ஏழு கட்டுரைகளில் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இணையதளம் இரண்டைத்தான் அவள் கணக்கில் காட்டியது.

மீதி ஐந்தும் அப்பா பெயரில் இருந்தன! அவற்றில் அக்கா இனிஷியலை விரித்து 'கவிதா முனிராஜ்' என்று எழுத, தளம் முதல் பெயரைச் சுருக்கிவிட்டதால், மு. கவிதா அங்கே க. முனிராஜ் ஆகியிருந்தாள்.

ஓசூர் கம்பெனியில் லேத் ஓட்டும் அப்பா, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நாங்கள் இருந்த பிரவுசிங் சென்டருக்கு வந்தார்.

"ஜப்பான்காரங்களோட சேந்து நான் எப்பம்மா எழுதினேன்?" என்று திரையில் கூட எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்துக் கேட்டார்.

"திருத்த மூணு நாளாகுமாம்ப்பா" என்றாள் அக்கா.

"அப்ப நானே எழுதித் தர்றேன்."

'இவற்றை நான் எழுதவில்லை, என் மகள் எழுதினாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தோடு அதையும் இணைத்து அனுப்பினோம்.

நீங்களும் உங்கள் அப்பா பெயரைத் தேடிப் பாருங்கள்.

"சயின்டிஸ்ட் சார், கெளம்புங்க, சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிக் கடைக்காரர் லைட்டை அணைத்துவிட்டார்.