உருண்டைச் சோறும் ஒரு புழுவும்

என் மனைவி முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாள். அவள் மூளையில் பன்றி நாடாப்புழு என்று டாக்டரம்மா சொன்னபோது நான் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தேன். கால் நின்றுவிட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கரண்டியோடு தரையில் விழுந்தாள். வாயில் நுரை. சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிவரை மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. அவள் தலை என் மடியில். செத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

ஸ்கேன் படத்தில் ஒரு வளையம், அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இந்தப் புள்ளிதான் புழுவோட தலை" என்றார் டாக்டரம்மா. அவருக்கு ஓய்வுபெறும் வயது, பேச்சில் அவசரமே இல்லை. "நான் படிச்ச காலத்துல இந்த வளையத்தைப் பார்த்தா டி.பி.ன்னுதான் சொல்லுவோம். மாசக்கணக்கா டி.பி. மாத்திரை கொடுப்போம். வளையம் மறைஞ்சுரும், மருந்து கேட்டுதுன்னு சந்தோஷப்படுவோம். அப்புறம் சில பேருக்கு மண்டையைத் திறந்து எடுத்துப் பார்த்தா, உள்ள இருந்தது புழு. அது தானாவே செத்துக் கரைஞ்சிருக்கு, பேரு எங்களுக்கு." ஸ்கேனே இல்லாத நாளில் வலிப்புக்காரர்களின் தொடையை எக்ஸ்ரே எடுப்பார்களாம். சதைக்குள் அரிசி மணிபோல வெள்ளையாகத் தெரிந்தால், மூளையிலும் இருக்கும் என்று ஊகம். அரிசி என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவ சுத்த சைவம் டாக்டர்."

"கறி சரியா வேகாம தின்னா, தின்னவங்க குடல்லதான் புழு வளரும். மூளைக்குப் போறது அதோட முட்டை பொரிஞ்சு வர்ற குட்டிப் புழு. அந்த முட்டை, குடல்ல புழு இருக்கற ஒரு மனுஷனோட மலத்துலேர்ந்து, அவன் கை வழியா, சாப்பாட்டுல கலந்து வரும். சைவம் அசைவமெல்லாம் அதுக்கு ஏது?" பிறகு என்னைப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது மலத்துல வெள்ளையா, தட்டையா, நாடாத் துண்டு மாதிரி போகுதா?"

மனைவியும் என்னைப் பார்த்தாள்.

"இல்லையே டாக்டர்" என்றேன்.

பச்சைப் பொய். மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. வெந்த சேமியாவை விரலால் நசுக்கிவிட்டதுபோலச் சின்னச் சின்னதாக. முதல் தடவை பார்த்தபோது ஓங்கரித்துக்கொண்டு இரண்டு முறை தண்ணீர் விட்டேன். அப்புறம் கீழே பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஆபீஸ் நண்பர்களோடு ஆவடிப் பக்கம் ஒரு கடையில் அரைவேக்காட்டுப் பன்றிக்கறியை வெளுத்துக்கட்டிய ஆள் நான். வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. கேவலம், இதைப் போய் யாரிடம் சொல்வது?

வீடு திரும்பும் வழியிலேயே அவள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். கீழ்வீட்டு அக்கா. கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி சமைக்கிற குடும்பம். எங்களுக்குக் கலகலா என்கிற இனிப்புப் பலகாரமும் முறுக்கும் மட்டும் தட்டில் வரும். "அதே கையாலதானே கலகலா உருட்டியிருப்பாங்க?" என்றாள். நான் மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வாரக் கடைசியில் அக்கா என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "இன்னா தம்பி, உன் ஊட்டுக்காரம்மா என்னைப் பார்த்தா கதவை சாத்திகினு போவுது? எங்க ஊட்டு கறியாலதான் சீக்குன்னு சொல்லிகினு கீதாமே? நாங்க பொறந்ததுலேர்ந்து துண்ணுகினு கீறோம், ஒருத்தருக்கும் வலிப்பு வர்ல."

"அப்டியெல்லாம் இல்லக்கா" என்று முனகிவிட்டு மேலே ஓடினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியம் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிச்சச் சோற்றையும் வத்தக்குழம்பையும் பெரிய பாத்திரத்தில் போட்டு நான் பிசைவேன். அவள் உள்ளங்கையை நீட்டுவாள். உருட்டி உருட்டி வைப்பேன். உங்க கைமணமே தனி என்பாள். நகத்தை வெட்டுங்க என்றும் சொல்வாள், நான் வெட்டமாட்டேன்.

மாத்திரை மயக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தவள், "பிசைங்க, வேற எதுவும் இறங்காது" என்றாள்.

பிசைந்தேன். குழம்பு நகக்கண்ணில் ஏறியது. அவள் கையை நீட்டிவிட்டாள். முதல் உருண்டையைத் தூக்கியவன் என் விரலைப் பார்த்தேன். அந்த நகத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று நினைத்ததும் உருண்டையைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டேன். எத்தனை ஞாயிறு, எத்தனை உருண்டை. அவள் தலைக்குள் அந்தப் புள்ளியை வைத்தது நான்தான்.

"சாப்பிடாதே" என்றேன். "எனக்குத்தான் போகுது. வெள்ளையா."

அவள் கத்தவில்லை. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இன்னும் எதையுமே தொடாத கையைச் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் மலத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சோதனையில் உறுதியானது. மாத்திரை போட்ட பிறகு வெளியே வந்ததை நான் வர்ணிக்கப்போவதில்லை. அத்தனை நீளத்தை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் ஆபீஸில் சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்கு அவளே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அது நான் கேட்டிருக்க வேண்டியது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை, சின்னத் தழும்பு மட்டும். வலிப்பு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். எனக்கும் புழு இல்லை என்றாகிவிட்டது. அந்த ஞாயிறு நகத்தை ஒட்ட வெட்டி, மூன்று முறை கை கழுவி, தைரியமாகச் சோறு பிசைந்தேன். அவள் கையை நீட்டினாள். ஒரு உருண்டை வாங்கிக்கொண்டு, "ஊறுகாய் எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். உருண்டை, உருண்டையாகவே குப்பைக் கூடையில் கிடந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாத்திரத்தில் மீதியிருந்த சோற்றை நானும் தின்னவில்லை.