கல்ஃபில் ஆள் இல்லாதவனின் ஹெல்மெட்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக் கடைகளில் சைக்கிள் ஹெல்மெட் கேட்டால் குழந்தைகளுக்கானதை எடுத்து நீட்டுகிறார்கள். அதனால்தான் இங்கிலாந்துக் கடை ஒன்றில் இணையம் வழியாக வாங்கினேன்.

வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு என்று அந்த ஊர் விற்பனை வரியை அவர்களே கழித்துவிட்டார்கள். என்ன நியாயமான மனிதர்கள் என்று பூரித்துப்போனேன்.

இன்று பார்சல் தபால் நிலையத்துக்கு வந்தது. அங்கே கழித்ததைவிட அதிகமாக இங்கே சுங்கவரி கேட்டார்கள். அனுப்பிய தபால் செலவுக்கும் சேர்த்து வரியாம்!

"தலை உடையாம இருக்க வாங்கினதாக்கும் சார். இது ஆடம்பரமா?" என்று கேட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "சாரே, உங்க குடும்பத்துல கல்ஃப்ல ஆரும் இல்லியா? லீவுக்கு வரும்போ பெட்டியில வச்சுக் கொண்டு வந்தா வரி ஒண்ணும் இல்லல்லோ. பின்னே எதுக்காக்கும் இந்தத் தபால்?"

அதாவது, ஒளிவுமறைவில்லாமல் வாங்கிய நான்தான் முட்டாள்! திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கல்ஃபில் ஒரு மாமன்கூட இல்லாதது என் குற்றம்.

வயிற்றெரிச்சலோடு கட்டிவிட்டு வந்தேன்.

ஓணத்துக்கு துபாயிலிருந்து வருகிறவர்கள் கை தூக்குங்கள். அடுத்து கையுறை வாங்க வேண்டும். விமான நிலையத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், சைக்கிளில், வரி கட்டிய ஹெல்மெட்டோடு.