விளிம்புவரை நிரம்பிய குளம்

"அச்சம் என்பதையே அறியாதவர், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருந்த எல்லைக்கோட்டைத் துணிந்து அழித்தவர்." அவள் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் பளபளப்பான அறிமுகப் புத்தகம் அவளைப் பற்றி இப்படித்தான் சொன்னது. எழுதியவர் அவளை நேரில் பார்த்ததில்லை என்பது நிச்சயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் அவள். இரண்டே படி இருந்தாலும் ஓரத்தில் கைப்பிடி வரைந்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கைப்பிடி'.

அந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு தடவையாவது தைரியமாக இருந்து பார்ப்போமே என்று வரைந்த வீடு இது. கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். படி கிடையாது. கூடத்துக் கருங்கல் தரை அப்படியே தோட்டத்துக்குள் நடந்துபோகும். அங்கே ஒரு சின்னக் குளம்; அதற்கும் அதே கருங்கல், தண்ணீர் விளிம்புவரை. தரை எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் அழகு.

வரைந்தபோது அந்த வீட்டுக் குழந்தை குப்புறக்கூட விழவில்லை. கட்டி முடிப்பதற்குள் நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வளர்வது கட்டடம் மட்டும்தான் என்று இவள் இருந்துவிட்டாள்.

சாவி கொடுத்த அன்று காலை, குழந்தையின் தாய்மாமன் போனில் யாரையோ அதட்டிக்கொண்டே நடந்துபோய், முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"என்ன மச்சான், வீட்ல குளிச்சிட்டு வரலையா?" வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தரைன்னுல்ல நெனச்சேன்!"

"பாத்தீங்களா மேடம்? எல்லாம் உங்க கைவண்ணம்!"

நனைந்த மாமனே சிரித்தார். அவளோ அவர் காலில் ஈரம் ஏறியிருந்த உயரத்தைப் பார்த்தாள். மாமனுக்கு முழங்கால் என்றால் குழந்தைக்கு? கணக்குப் போடாதே என்று மனசைக் கெஞ்சினாள், அது போட்டுவிட்டிருந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை, மாமனைப் பார்த்துக் கைதட்டி, இறக்கிவிடச் சொல்லித் திமிறியது. அது விழுந்தால் பெரிய சத்தமெல்லாம் வராது. சமையலறையில் மிக்ஸி ஓடினால் போதும், யாருக்கும் கேட்காது.

முதலாளிக்குப் போன் செய்து, குளத்தை இன்றைக்கே மூட வேண்டும் என்றாள்.

"நாளைக்குப் போட்டோ எடுக்க வர்றாங்க. அதுக்கப்புறம் வேலி போடு, வலை போடு, என்ன வேணா போடு."

"நடுவுல ஒரு ராத்திரி இருக்கே சார்."

"குளத்துல கைய வச்சே, அப்புறம் ஆபீஸ் பக்கம் வராத."

வீட்டுக்காரரும் விடவில்லை. "ஒரு நாள்தானே மேடம்? நாங்க பாத்துக்க மாட்டோமா?"

"கண்ணு நல்லா தெரியிற எங்கண்ணனே உள்ள இறங்கிட்டாரு, நீங்க பாத்துக்கப் போறீங்களா?" என்றாள் அவர் மனைவி, குழந்தையை இறுக்கிக்கொண்டு. பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க செய்ங்கக்கா. இவர நான் கவனிச்சுக்கறேன்."

இவளுக்கு வேலை போய்விடுமே என்று பயமாக இருந்தது. குளம் அப்படியே இருந்துவிடுமே என்று அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று இருட்டுவதற்குள் வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினாள். பூச்செடிகளுக்காகக் கொட்டி வைத்திருந்த மண்ணைத் தோட்டக்காரரோடு சேர்ந்து சட்டி சட்டியாக அள்ளிப்போட்டு, குளத்தை மூடினாள்.