என் கையில் எரியாத களிம்பு

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் முழங்கைத் தழும்பு அடுப்பில் சுட்டது என்று சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை.

அப்போது தாராவியில் தோல் பதனிடும் வேலையில் இருந்தேன். மாட்டுத்தோலின் முடியை உதிர்க்கும் சுண்ணாம்பு மருந்தில் துளி எடுத்து, மஞ்சளும் கடலைமாவும் கலந்து, பெண்களுக்கான முடி நீக்கும் களிம்பு செய்தேன். சிங்கப்பூர் வியாபாரி ஒருவர், "மென்மையான தோலுக்கு ஆகுமா? சோதித்து எழுதுங்கள்" என்று கேட்டார். என் கையில் தடவிப் பார்த்தேன். முடி உதிர்ந்தது, எரியவில்லை. "முழுக்க இயற்கை, பயமில்லை" என்று எழுதிச் சரக்கைக் கப்பலேற்றினேன்.

ஒரு மாதம் கழித்து, மிச்சமிருந்ததை அம்மா பூசிக்கொண்டு அலறினாள். கையெல்லாம் கொப்புளம்.

"உங்க கை சுண்ணாம்புத் தொட்டியில ஊறி மரத்துப்போன கைல்லா! அதுல போட்டுப் பாத்தா என்ன தெரியும்? அந்த ஊரு பொம்பளையளும் தோல் பதனிடுற ஷாப்புலயா வேலை பாக்காவ?" என்றாள்.

சிங்கப்பூரில் எத்தனை பேர் பூசினார்களோ, இன்றுவரை தெரியாது. களிம்பை அன்றோடு விட்டேன். இப்போது செய்யும் சோப்புக்குக்கூட, என்னென்ன சேர்த்தேன் என்று அட்டையில் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அன்று அம்மாவுக்கு மருந்து போட்டுவிட்டு, தனியாக மாட்டுங்கா தந்தி ஆபீஸ் வரை நடந்துபோய், அந்த வியாபாரிக்குத் தந்தி கொடுத்தேன்: "விற்காதீர்கள். சரியாகச் சோதிக்கவில்லை. தவறு என்னுடையது."