வெளிர் மஞ்சள் கட்டங்கள்

புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் என் பொறுப்பு வரைபடங்கள். உலகின் பாலூட்டிகளும் பறவைகளும் எங்கெங்கே வாழ்கின்றன என்ற எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை இனம் என்று பார்த்து நிறம் கொடுப்பேன். நிலநடுக்கோட்டுக் காடுகள் கருஞ்சிவப்பாக நிற்கும். துருவங்களை நோக்கிப் போகப் போக வெளுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி, மழை எட்டாத புனேயின் கிழக்குப் பக்கம் வெளிர் மஞ்சள்.

அந்த மஞ்சளுக்குள் ஒரு புல்மேடு உண்டு. குளிர்கால ஞாயிறு ஒன்றில் நானும் கணவரும் ஸ்கூட்டரில் அங்கே போனோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, என் வயதுப் பெண் ஒருத்தி கை காட்டி எங்களை நிறுத்தினாள். "லாண்ட்கா" என்றாள் மெதுவாக. ஓநாய். காய்ந்த புல்லின் நிறத்திலேயே இருந்ததால் அது அசைந்த பிறகுதான் தெரிந்தது. அதன் காலடியில் நான்கு குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன.

"உங்க ஆட்டைப் பிடிக்காதா?" என்று அரைகுறை மராத்தியில் கேட்டேன்.

"பிடிக்கும். அதுக்கும் பிள்ளைங்க இருக்கே" என்று சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர் கிடங்குகள் கட்ட இடம் தேடினார். உயிரினங்கள் குறைவான நிலமாகப் பார்த்து, எங்கள் வரைபடத்தை வைத்துப் பத்து இடங்கள் தேர்வாகின. நான்காவது இடம் அந்தப் புல்மேடு.

சென்னைக்காரரான எங்கள் குழுத்தலைவரிடம் ஓடினேன். "சார், இந்த இடம் வேணாம். அங்க ஓநாய் குட்டி போட்டிருக்கு."

"அந்தக் கட்டத்துல எண்ணிக்கை கம்மிதானே?"

"கம்மிதாங்க சார். ஆனா அங்க இருக்கறது காட்டுக்குள்ள போய்ப் பொழைக்காது. புல்வெளியே போயிருச்சுன்னா அதுக்கு வேற இடமில்லைங்க."

அவர் கெட்டவரல்ல. "ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க, சேத்துடறேன்" என்றார். சேர்த்தார், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் போனபோது மேடே இல்லை. மண்ணைச் சமப்படுத்தித் தகர வேலி போட்டிருந்தார்கள். அதே பெண், வேலிக்கு வெளியே சாலையோரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். குட்டிகள் என்னவாயின என்று கேட்டேன்.

"நீங்க பாத்ததுங்க வளந்து போயிருச்சு. இந்த வருஷம் போட்ட குட்டிங்க உள்ள இருக்கறப்பவே மெஷின் வந்து குழி மூடிப்போச்சு. தாய் மட்டும் நாலஞ்சு நாள் சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் காணோம்." அந்த இடத்தை எழுதிக் கொடுத்தது எங்கள் அலுவலகம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனேன். ஓநாயின் எல்லைக்கோடு பழையது. அதன்படி அந்தக் கட்டத்தில் இன்னும் ஓநாய் உண்டு. திருத்தலாமா என்று கேட்டேன். "வெளியிலேருந்து வர்ற கோடு, நம்ம கையில இல்லம்மா அது" என்றார் தலைவர். மற்ற கண்டங்களின் மஞ்சளை இப்போதெல்லாம் என்னால் பார்க்க முடிவதில்லை. ஒவ்வொன்றிலும் இப்படி எத்தனை மேடுகளோ.

போன வாரம் கணவர் கேட்டார். "ஏம்மா, புரந்தர் கோட்டைப் பக்கம் ஒரு புல்வெளி இருக்குதாம். ஞாயித்துக்கெழம போலாமா?"

"வேண்டாங்க" என்றேன். காரணம் கேட்டார். நான் ஒரு இடத்தைப் பார்த்துப் பிரியம் வைத்தால், அதன் கோப்பு என் மேசைக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.