‘காரணம்’ என்று ஒரு கட்டம்

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு ஒரு பொய் எழுதப் போனேன்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நான், மிச்ச நாளெல்லாம் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். மேனேஜர். ஷிஃப்ட் நடுவில் யார் வெளியே போனாலும் கேட் பாஸ் எழுத வேண்டும். பெயர், நேரம், அப்புறம் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இத்தனை வருஷமாக அதில் எனக்கு ஒரு பெருமை வேறு!

அன்று எனக்கே வெளியே போக வேண்டியிருந்தது. டாக்டரைப் பார்க்க. என்ன பிரச்னை? நாசூக்காகச் சொன்னால்... இந்தப் பத்தியை நின்றுகொண்டே எழுதுகிறேன். புரியவில்லையா? மூலம்ங்க, மூலம்.

அதைக் கட்டத்தில் எழுத முடியுமா? கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி தனசேகர் பாஸை வாங்கினால் வாய்விட்டுப் படிப்பார். பத்து நிமிஷத்தில் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்விடும். மறுநாள் மீட்டிங்கில் எனக்கு யாராவது மெத்தை போட்ட நாற்காலியைத் தள்ளிவிடுவார்கள், அக்கறையோடு. எனவே ‘பேங்க் வேலை’ என்று எழுத முடிவு செய்தேன். சட்டைப் பையைத் தடவினால் பேனாவைக் காணோம்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஸ்டெல்லா ஞாபகம் வந்தது.

ஸ்டெல்லா என்பது உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெயரை மட்டும் நல்லதாக வையுங்கள் என்று சொல்லி, அதையும் அவரே தேர்ந்தெடுத்தார். பேக்கிங் செக்‌ஷனில் ஒன்பது வருஷமாக வேலை. வீட்டுக்காரர் இல்லை. ஒரே பெண், நர்ஸிங் படிக்கிறது. அந்தப் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஸ்டெல்லா மாதம் ஒருமுறை கேட் பாஸ் எழுதி, இரண்டு மணி நேரம் வெளியே போய்வருவார். காரணம்: பேங்க் வேலை. எல்லா மாதமும் பேங்க் வேலை. எனக்கு மூக்கு வியர்த்தது. ஒருநாள் கூப்பிட்டு, “மாசா மாசம் என்னம்மா பேங்க்? உண்மையான காரணத்தை எழுதுங்க. யாரு படிக்கப் போறாங்க?” என்றேன்.

அவர் என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து எழுதினார். ‘ஏ.ஆர்.டி. சென்டர், மாத்திரை வாங்க.’

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் இடம் அது. எனக்குத் தெரியும். எத்தனை பயிற்சி வகுப்பு பார்த்தவன் நான்! தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எல்லோரையும் போல் வாழலாம்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை நீட்டினார். “இருக்கட்டும்மா, நீங்களே வச்சுக்கங்க” என்றேன்.

தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேனாவைத் திருப்பி வாங்க என் கை வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவருக்கும் அது புரிந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். பார்த்தும் பார்க்காதவன் மாதிரி ஃபைலைத் திறந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றார். ஒரே வரி. அடுத்த வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறாராம். எனக்குப் பழக்கதோஷம், காரணம் எழுதவில்லையே என்று கேட்டுவிட்டேன்.

“இந்தத் தபா எழுத மாட்டேன் சார்” என்றார் ஸ்டெல்லா. “கேன்டீன்ல வந்து ஒரு டீ குடிங்க. தெரியும்.”

போனேன். பெரிய ட்ரேயில் எவர்சில்வர் டம்ளர்கள். எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றில் மட்டும் அடிப்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டிவைப்பது வழக்கம்தானே? சீர் வரிசைக் குடத்திலிருந்து சின்ன ஸ்பூன் வரை யாராவது ஒருவர் பெயர் இருக்கும். இதுவும் பெயர்தான். அதைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் இருந்த தனசேகர் பதறி, “அது வேணாம் சார், அது ஸ்டெல்லாவோட்து” என்றார்.

தனசேகருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட் பாஸ் யார் கையில் போய்ச் சேருகிறது? அவர் படித்தார், செல்போனில் தேடினார், நாலு பேரிடம் சொன்னார். பேக்கிங் செக்‌ஷன் கூடிப் பேசி, பாத்திரம் கழுவும் மல்லிகாக்காவிடம் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டது. எழுதச் சொன்ன புண்ணியவான் நான். எனக்கு அவமானமாக இருந்தது.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருடைய தகப்பனார்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். டீக்கடையில் அவர்களுக்கென்று தனி கிளாஸ் தொங்கிய காலத்தைப் பார்த்தவர்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் பிள்ளைகளுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கவேண்டியதுதான். அதே பிள்ளைகள் கம்பெனி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஒரு டம்ளருக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை உண்டா? கிடையாது. அந்தக் கிளாஸைத் தனியாகத் தொங்கவிட்ட பக்கத்தில் பிறந்தவன் நான்.

சரி, எச்.ஆர். என்ன செய்வான்? மீட்டிங் போடுவான். போட்டேன். ஒரு லேடி டாக்டரை அழைத்துவந்தேன். ஸ்டெல்லா பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. திரையில் கொசு, கைகுலுக்கல், கழிவறை, டம்ளர் என்று படம் படமாக வந்தது. “பரவுமா?” என்று டாக்டர் கேட்க, எல்லோரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி “பரவாது” என்று ராகம் போட்டார்கள். முடிவில் கைதட்டல், ஆளுக்கு இரண்டு சமோசா.

மறுநாள் கேன்டீனில் பொட்டு அப்படியே இருந்தது.

தனசேகரைப் பிடித்தேன். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

“டாக்டரம்மா சொன்னது கரெக்ட்டு சார். இருந்தாலும் எதுக்கு ரிஸ்க்கு?”

எதுக்கு ரிஸ்க்காம்! தினமும் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே, கன்டெய்னர் லாரிகளுக்கு எதிர்த் திசையில் பைக் ஓட்டி வேலைக்கு வரும் ஆள் இவர். நம் கேன்டீனில் சுகர் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? “எனக்கு முந்நூறு” என்று ஒருவர் சொன்னால், “ப்பூ, எனக்கு முந்நூத்தி எண்பது” என்பார் இன்னொருவர். சொல்லிக்கொண்டே மைசூர் பாகு எடுப்பார்கள். அவர்களும் தினம் மாத்திரை போடுகிறவர்கள்தானே? எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராவது அவர்களை விசாரிக்கிறோமா?

கோபத்தோடு நேரே மல்லிகாக்காவிடம் போனேன். தேநீர் இடைவேளை. எல்லோர் கையிலும் டம்ளர். ஸ்டெல்லா கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார், சிவப்புப் பொட்டோடு. இந்தப் பொட்டை இனிமேல் வைக்கக் கூடாது, மூன்று மாதமாக அவர் குடித்த அந்த டம்ளரையும் மற்றதோடு சேர்த்துவிட வேண்டும் என்று மல்லிகாக்காவிடம் உத்தரவு போட்டேன்.

அவர் கைவேலையை நிறுத்தவே இல்லை.

“அது எதுன்னு யாருக்கு சார் தெரியும்? நெயில் பாலிசு கம்பி நாருக்கு நிக்குமா? நாலு நாள்ல பூடும். பூட்டா, கைல ஆப்ட்ட டம்ளருக்கு ஒண்ணு வச்சிக்கினு வரேன். இவங்க பேஜாரு தாங்கல, அதுக்குத்தான் வைக்கிறது. மூணு மாசத்துல எல்லா டம்ளரும் ஸ்டெல்லா குட்ச்சதுதான்.”



தனசேகர் டம்ளரை உதட்டில் வைத்தபடி நின்றார். விழுங்குவதா, துப்புவதா? ஒருத்தி ரகசியமாகத் தன் டம்ளரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். மூன்று மாதமாக எல்லோரும் எல்லாவற்றிலும் குடித்திருக்கிறார்கள். யாருக்கும் ஜலதோஷம்கூட வரவில்லை. டாக்டர் ஒரு மணி நேரம் படம் காட்டியும் ஏறாதது, கம்பி நாரும் கையுமாக நின்ற ஒரு அம்மா சொன்னதில் ஏறிவிட்டது.

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தனசேகர் வேறு வழியில்லாமல் விழுங்கினார்.

எல்லோரும் அன்றே திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பேர் வீட்டிலிருந்து சொந்த டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆனால் பொட்டு போய்விட்டது. ஸ்டெல்லா மேஜைக்கு முதலில் ஒருத்தி போய் உட்கார்ந்தாள், அப்புறம் நாலைந்து பேர். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். ஒரே நிபந்தனை: கேட் பாஸில் அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும். அவருக்காக மட்டுமில்லை, எல்லோருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன், பேனாவுக்கும் சேர்த்து. அவர் “சரி சார்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அன்றே ஹெட் ஆபீஸுக்கு மெயில் அனுப்பினேன். பதில் வந்தது. ‘காரணம்’ கட்டத்தை நீக்குவதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்!

இன்னும் மெயில் போய்க்கொண்டிருக்கிறது. அதுவரை ஸ்டெல்லா ‘பேங்க் வேலை’ என்று எழுதுகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள். கேட்டில் பேனா இல்லாமல் பையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு குரல், “இன்னா சார், பேங்க்கா?” என்றது. அன்று ஸ்டெல்லாவுக்கு மாத்திரை வாங்கும் நாள். நான் நிற்கிற நிற்பையும், பாஸில் காலியாக இருந்த கட்டத்தையும் பார்த்துவிட்டு, ஸ்டெல்லா பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். என் பழைய பேனாதான். வாங்கிக்கொண்டேன்.

“உண்மையான காரணத்த எழுதுங்க சார்” என்றார். “யாரு படிக்கப் போறாங்க?”