பூண்டுக்குப் போட்ட தீ

முதியோர் இல்லங்களைச் சோதிக்கப் போகிற என் வேலைக்குப் பெரிய எதிரி, மலையேறும் வழியில் இருக்கிற பெருமாள்மலைதான். எங்கள் ஜீப் அங்கே டீ குடிக்க நின்றால் போதும், மேலே இருக்கிற அத்தனை இல்லத்துக்கும் போன் பறந்துவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் கட்டில்களில் மடிப்புக் கலையாத புதுக் கம்பளி விரித்திருப்பார்கள். என்னைக் கண்டதும் கும்பிடச் சொல்லிப் பெரியவர்களைப் பழக்கியும் வைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மேல்மலையில் போளூர்ப் பக்கத்து இல்லத்துக்குப் போனேன். அன்றைக்குக் கும்பிடக்கூட ஆள் இல்லை. முன்கூடத்தில் சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், வழவழவென்று டைல்ஸ், வரிசையாகக் கட்டில். குளிர் செருப்பைத் தாண்டி ஏறியது.

"ஆளுகளெல்லாம் எங்கங்க?"

"காத்தாட வெளிய நடக்குறாங்க மேடம்," என்றார் இல்லத்தை நடத்துகிறவர்.

வெளியே மேகம் இறங்கிக் கிடந்தது. வாசலில் நின்ற எங்கள் ஜீப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. என்னை யாரென்று நினைத்தாரோ!

இருமல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். இல்லத்தை நடத்துகிறவர் பூண்டு விவசாயியும்கூட. விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக உத்தரத்தில் தொங்கவிட்டு, கெடாமல் இருக்கக் கீழே விறகுத் தீ போட்டிருந்தார். பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புகையில் கண் சிவந்திருந்தாலும் முகத்தில் சுகம் தெரிந்தது. பின்வாசலை மறித்துப் பூண்டு மூட்டைகள். ஒரு பொறி மேலே பட்டால் ஒருவரும் வெளியே வர முடியாது.

"பூண்டு மொத்தத்தையும் இங்கேருந்து எடுத்துருங்க. வாசல் தெறந்து கெடக்கணும். இப்படித் தரையில தீ போடக் கூடாது. கூடத்துல ஹீட்டர் மாட்டுங்க," என்றேன்.

"குளிர்ல வச்சா பூண்டு வீணாப்போயிரும் மேடம்."

"பெரியவங்க வீணாப்போக மாட்டாங்களா?"

சரியாகக் கேட்டுவிட்டேன் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

அடுத்த முறை ஜீப்பை விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வெள்ளனே பஸ் ஏறிப் போனேன். நான் சொன்னது எதிலும் ஒரு குறை இல்லை. பின்வாசல் திறந்து கிடந்தது. பூண்டு இல்லை, மூட்டை இல்லை, சாம்பலைக்கூடக் கழுவிவிட்டிருந்தார். கூடத்துச் சுவரில் புது ஹீட்டர் இருந்தது. கரண்ட்தான் இல்லை. முந்தின நாள் மழைக்குப் போனதாம். பெரியவர்கள் கட்டிலில் தலைவரை போர்த்திச் சுருண்டு கிடந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது.

"கரண்ட் வர்ற வரைக்கும் ஒரு அடுப்பாவது வைக்கக் கூடாதாங்க? புகை போற மாதிரி, பக்கத்துல ஒரு ஆளை வச்சு?" எரிச்சலில் என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "பூண்டுதான் இல்லையே மேடம். அப்புறம் எதுக்குத் தீ?"

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். போர்வைக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். குழாய்த் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது அந்தக் கை.

"தாயி, நீ பெரிய ஆபீசரு. நீ சொன்னா அவரு கேப்பாரு. அந்தப் பூண்டைத் திரும்பக் கொண்டாந்து வைக்கச் சொல்லு தாயி."